வான்கார அண்ணை கேட்ட பஸ்

பாலத்தின் நடுவில் அக்காவின் குரல் அறுந்துபோன அந்தப் பின்னேரம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நல்ல கோடை வெக்கை. முன்னாலும் லொறி, பின்னாலும் லொறி, இரண்டு பக்கமும் கார்கள். கீழே ஆறு மினுங்கிக்கொண்டு கிடந்தது. வானம் நீலமாக இல்லை; கழுவிக் கழுவி வெளிறிய துணி மாதிரி மங்கியிருந்தது. செபம் சொல்லிக்கொண்டு வந்த அக்கா பாதியில் நிறுத்தினார். கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சைத் தேடினார். வேலை முடிந்து திரும்பும் வானுக்குள் இருந்த நாங்கள் எல்லோரும் அவரின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தோள் ஒழுங்காக ஏறி இறங்கத் தொடங்கும் வரைக்கும் ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

அக்கா என்று நாங்கள் கூப்பிட்டது வான்கார அண்ணையின் மனைவியை. இருவரும் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கெபெக்கின் பெருநகரில், லாசால் என்ற பகுதியில் எங்கள் அடுக்குமாடிகளின் வாசலில் காலையில் எங்களை ஏற்றி, ஆற்றுக்கு அப்பால், புரோசார்டைத் தாண்டியிருந்த ஒரு தொழிற்சாலையில் இறக்கிவிட்டு, பின்னேரம் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதுதான் அண்ணையின் பிழைப்பு. அக்காவும் எங்களோடு அங்கேதான் மருந்துப் போத்தல்களைப் பெட்டிகளில் அடுக்கினார். அந்த வான் இல்லாவிட்டால் முதலில் ஒரு பஸ், பிறகு மெட்ரோவில் டவுன்டவுன், அங்கிருந்து பாலம் கடக்க இன்னொரு பஸ், இறங்கிப் பனிக்குள் ஒரு நடை. குளிர்காலத்தில் அப்படிப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அண்ணையின் அருமை தெரியும்.

பாலத்தில் ஏறியதும் செபமாலை தொடங்கும். அது அண்ணையின் சட்டம். வானில் பாதிப்பேர் சைவம். ஆனாலும் ஆற்றுக்கு மேலே எல்லோருக்கும் மாதாதான். நெற்றி நிறையத் திருநீறோடு ஏறும் யாழ்ப்பாணத்து மாமி ஒருவர், அக்கா களைத்துப்போனால் தானே எடுத்துச் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார். "முருகன் கோவிக்கமாட்டான். அவனுக்கும் இந்த டிராபிக் தெரியும்" என்பார். காலப்போக்கில், பத்துப் பத்தாக ஐந்து முறை சொல்லும் அந்தச் செபமாலையே எங்களுக்கு மணிக்கூடாகிவிட்டது. தொழிற்சாலை வாசலில் யாராவது பாதை எப்படி என்று கேட்டால், "மூண்டாம் பத்திலயே கரை கண்டிட்டம்" என்போம். மழை நாட்களில் மாலை முடிந்து, மன்றாட்டும் முடிந்து, மாமி தேவாரத்துக்குப் போய்விடுவார்.

அக்காவுக்கு ஆஸ்துமா. குளிர்காலத்தில் இருமலோடு சமாளித்துவிடுவார். அவரை விழுத்தியது கோடைதான். ரேடியோவில் "இன்று காற்று சரியில்லை" என்று சொல்லும் நாட்களில் அவர் பாலத்தில் பட்ட பாட்டைப் பார்க்க ஏலாது. லாசாலின் பட்டறைப் புகைதான் காரணம் என்று அண்ணை முடிவு கட்டியிருந்தார். புரோசார்டில் வீடு எடுக்கவேண்டும் என்பது அவர் கனவு. "அங்கால மரம் நிக்குது, வெளி கிடக்கு. காத்துக்கு அங்க என்ன குறை?" என்பார். போகும் வழியில் அவர் பார்த்து வைத்த வீதிகளை எங்களுக்கும் காட்டியிருக்கிறார்.

அப்படியிருக்க, பாலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையை என்ன செய்வது என்று சனத்திடம் கேட்க, இந்தப் பெருநகரப் பகுதி முழுவதற்கும் போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் லாசாலில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கார்களுக்கு இன்னொரு தடம் வெட்டுவது ஒரு யோசனை. பஸ்ஸுக்கென்று தனித் தடம் ஒதுக்கி, லாசாலில் இருந்து நேரே ஆற்றின் தென்கரைக்குப் பஸ் விடுவது மற்றது. எங்களுக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. வீதி அகலமானால் வான் நெரிசலில் நிற்காது. வான் நிற்காவிட்டால் அக்காவுக்கு மூச்சு முட்டாது. அதைச் சொல்லத்தான் வேலை முடிந்த கையோடு அண்ணை எங்கள் எல்லோரையும் வானில் அள்ளிக்கொண்டு போனார். "தங்கச்சி, நீர்தான் பிரெஞ்சில சொல்லவேணும்" என்று என்னைப் பிடித்தார். நான் பிரெஞ்சைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அல்ல. தெப்பனேர் என்கிற மூலைக்கடைக்காரரோடும் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டரிக்காரிகளோடும் வாயாடி வாயாடிப் பொறுக்கிய பிரெஞ்சு. இலக்கணம் இராது, ஓட்டம் இருக்கும்.

மேடையில் ஒரு இளம் அதிகாரி, பெரிய படம் ஒன்றை வைத்து விளக்கினார். காற்றில் ஓசோன் இந்த அளவுக்கு மேலே போகக்கூடாது என்று விதி இருக்கிறதாம். உயரத்தில் வெயிலைத் தடுக்கும் அதே ஓசோன், நாங்கள் மூச்சு விடும் உயரத்தில் உண்டானால் நெஞ்சைப் பிடிக்குமாம். அது எந்தக் குழாயிலிருந்தும் நேரே வருவதில்லை. கார்ப் புகை வெயிலில் கிடந்து, காற்றோடு இழுபட்டுப் போகப் போகத்தான் ஓசோனாகிறது. அதனால் ஒரு வீதியைத் தனியே பார்த்துத் தீர்மானிக்க முடியாது, முழுப் பகுதிக்கும் சேர்த்துத்தான் திட்டம் போடவேண்டும் என்றார். தடம் கூடினால் சில காலம் ஓட்டம் நன்றாக இருக்கும், பிறகு அதை நிரப்ப இன்னும் கார்கள் வரும் என்றும் சொன்னார். நான் வரி வரியாகக் குனிந்து, அண்ணைக்கும் அக்காவுக்கும் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதைத் தமிழாக்க எனக்கு வாய் வரவில்லை. வெக்கையான பின்னேரங்களில் நகரின் நடுவைவிட, காற்று போய்ச் சேரும் புறநகர்களில்தான் பல வேளை ஓசோன் கூடுதலாக நிற்கும் என்றார். படத்தில் ஆற்றுக்கு அப்பாலும் சிவப்பு பரவிக் கிடந்தது.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "அப்ப நாங்கள் இஞ்ச அடுப்பு மூட்ட, அங்க கறி வேகுது" என்றார். பக்கத்தில் இருந்த அக்கா அவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கூட்டத்தை நடத்திய வயதான பெண்மணி சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். பஸ் விட்டால் ஏற ஆள் இருக்கிறதா? சும்மா வெறும் பஸ் ஓடினால் காற்றுக்கும் பயனில்லை, ஒருவருக்கும் பயனில்லை. அண்ணை எழும்பினார். வீதியை அகலமாக்கச் சொல்லப்போகிறார் என்றே நினைத்து நானும் கூட எழும்பினேன்.

"சொல்லும் தங்கச்சி. என்ர வானில வாற சனம் முழுக்க ஏறும். எங்களை மாதிரி இன்னும் வான் ஓடுது. அந்தச் சனமும் ஏறும்."

நான் அவரைப் பார்த்தேன். "அண்ணை, வடிவா யோசிச்சே கதைக்கிறியள்?"

"ஓம். நீர் சொல்லும்."

சொன்னேன். பாலம் கடக்க இப்போது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அந்த அம்மா கேட்டார். அண்ணை கொஞ்சமும் தடுமாறாமல், "ஒரு செபமாலை. வெள்ளிக்கிழமை எண்டால் ஒண்டரை" என்றார். அதையும் அப்படியே பிரெஞ்சில் போட்டேன். மண்டபத்தில் இருந்த கெபெக் கிழவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சின்ன வயதில் முழங்காலில் நின்று செபமாலை சொன்ன தலைமுறை அது. அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது வானுக்குள் மாமி பொரிந்து தள்ளிவிட்டார். "ஏன் தம்பி, எங்களை ஒரு வார்த்தை கேட்டியே? பொதி கட்டிப் பஸ்காரனுக்குக் குடுத்துப்போட்டு வாறாய்! இனி நான் ஆரோட சண்டை பிடிச்சு முன் சீட்டில இருக்கிறது?"

"பஸ்ஸிலயும் முன் சீட்டு இருக்கு மாமி."

"உனக்கு என்ன இருக்கு? அதைச் சொல்லு."

அண்ணை கண்ணாடியில் மாமியைப் பார்த்தார். "கார்த் தடம் போட்டால் இன்னும் வான் வரும் மாமி. என்ர வானும் அதுக்குள்ள நிக்கும். எங்க வீடு எடுத்தாலும் அந்தப் புகை இவவைத் தேடி வருமெண்டால், நான் எங்க கொண்டுபோய் இவவை வைக்கிறது?"

அவர் சொன்னதால்தான் பஸ் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னவர்கள் வேறு மண்டபங்களிலும் இருந்திருப்பார்கள். ஆனால் பஸ் தடம் வந்தது. இப்போது டவுன்டவுனில் இருந்து புரோசார்டுக்கு ரயிலே ஓடுகிறது. ஏறி உட்கார்ந்து கைப்பையைத் திறந்து மூடுவதற்குள் ஆறு போய்விடுகிறது. என் மகள் அதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போய்வருகிறாள். ரேடியோவில் காற்று சரியில்லை என்று சொல்லும் நாட்கள் இன்றும் வருகின்றன. காட்டுத்தீப் புகையும் இப்போது அதோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு தடத்தால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பது எனக்கும் தெரியும். அண்ணை வானை விற்று, எங்கள் தொழிற்சாலையிலேயே பெட்டி ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். அக்கா காலமான பிறகும் கனகாலம் இருந்தார்.

ஆனால் பஸ் ஓடிய முதல் நாளை நான் விடமாட்டேன். பஸ் இடையில் நின்றுவிட்டால் எங்களை ஏற்ற ஆள் வேண்டும் என்று, அண்ணை வெறும் வானை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். நாங்கள் தனித் தடத்தில் போய்க்கொண்டே இருந்தோம். அவர் வழமையான வரிசையில் மாட்டுப்பட்டுச் சின்னதாகி, பிறகு தெரியாமலே போனார். அக்கா பின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே வந்தார். தொழிற்சாலை வாசலில் இறங்கி, எல்லோரும் உள்ளே போன பிறகும் அவர் போகவில்லை. நானும் துணைக்கு நின்றேன். ஒருவாறு வான் வந்து சேர்ந்தது.

"இஞ்சருங்கோ, உங்களை ஆர் வரச் சொன்னது, ஆளில்லாத வானை உருட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள்ள நிண்டு, சாப்பிடாமலும் வந்திருப்பியள், பஸ் நிண்டால் அவங்கள் வேற பஸ் விடாங்களே, உங்களுக்கு நாங்கள் என்ன சின்னப்பிள்ளையளே!"

இவ்வளவையும் அக்கா ஒரே மூச்சில் சொன்னார். அண்ணை ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, இன்னும் ஏசட்டும் என்பதுபோல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.