பூச்சி தின்னும் செடிக்கு எரு வைத்தேன்

எடப்பாடிப் பக்கம் நாற்பது வருசம் வெள்ளாமை பார்த்தவள் நான். என் கை பட்டு ஒரு செடியும் பட்டுப்போனதில்லை. என் மருமகள் கண்ணாடித் தொட்டியில் பூச்சி தின்னும் செடி வளர்த்தாள். இரண்டு செத்துப்போகவே, புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சுலபமென்று மூன்றாவதாக ஒன்று வாங்கினாள்.

தாய்வீடு போகும்போது, "மழைத்தண்ணி மட்டும் ஊத்துங்கத்தை. எரு வேண்டாமுங்க" என்றாள்.

"எருவில்லாம எது வளரும் சாமி?" என்றேன்.

அவள் போனதும் ஆட்டெரு வைத்து, உப்புப் போர்த் தண்ணீர் ஊற்றினேன். நான்கே நாளில் கருகிவிட்டது. பூச்சிதான் அதற்குச் சோறாம், எருவும் உப்புத் தண்ணீரும் விஷமாம்; பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வந்தவள், "இனிமே செடியே வேண்டாமுங்கத்தை" என்று தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இப்போதெல்லாம் கேட்காமல் எந்தச் செடிக்கும் எரு வைப்பதில்லை. மழை பெய்தால் குடத்தில் பிடித்து வைக்கிறேன். அவள் அதைத் தொடுவதேயில்லை.