சத்தமில்லாத ஹெல்மெட்

சேலத்தில் ஒரு ஹெல்மெட் கடையில், பெடஸ்டல் ஃபேன் முன்னால் குனிந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஈஸ்டர் பாட்டுப் பாடிய நாற்பத்தாறு வயதுப் பெண்மணி நான்தான். என் வீட்டுக்காரர் இதை எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் பாதிப்பேருக்குச் சொல்லிவிட்டார். மீதிப்பேருக்காவது விஷயம் சரியாகப் போய்ச் சேரட்டும் என்றுதான் நானே எழுதுகிறேன்.

நான் கணக்கு டீச்சர். மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு தினமும் பைக்கில் போய் வருகிறேன். மலையில் பைக் முப்பதைத் தாண்டாது. அந்த வேகத்தில் மண்சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனாலும் காற்று இரையாது. வளைவுக்கு வளைவு முகக் கண்ணாடியை, அதான் வைசரை, தூக்கிவிட்டு, எதிரே பஸ் ஹாரன் அடிக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இறங்குவதுதான் எங்கள் பழக்கம். தொல்லையெல்லாம் கீழே, அறுபதில் போகும்போதுதான். என் பழைய ஹெல்மெட் அந்த ரோட்டில் மாவு மில்லாக மாறிவிடும். சாயங்காலம் வீடு வந்து அதைக் கழற்றிய பிறகும் இரண்டு மணி நேரம் காதுக்குள் மில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஓடும்போதுதான் எங்கள் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. இருபது வருஷமாகக் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடிக்கொண்டிருந்த எனக்கு இந்த ஈஸ்டருக்கு முதல் தடவையாக சோலோ கிடைத்திருந்தது. நாலே வரி. கடைசி வரியின் கடைசிச் சுரத்தை, கீபோர்டு நின்ற பிறகும் நான் தனியாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதில்தான் சறுக்கினேன். பாட்டு மாஸ்டர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். இரண்டாவது வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், கடைசியில சுதி கொஞ்சம் எறங்குதுங்க."

"எனக்குச் சரியாத்தானுங்க கேக்குது."

"அதானுங்க எனக்கும் கவலையா இருக்குது. குருத்தோலை ஞாயித்துக்கு முந்துன வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்போம். அப்பவும் எறங்குச்சுன்னா அந்த எடத்த எல்லாரும் சேந்து பாடிக்கலாங்க."

நல்ல மனுஷர். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

பயத்துக்குக் காரணம் என் அம்மா. அம்மாவும் அதே சர்ச்சில் பாடியவர். அந்தக் காலத்தில் ஈஸ்டர் என்றால் அம்மாவின் சோலோதான். ஒரு வருஷம், "தொண்ட கட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அடுத்த வருஷமும் தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு யாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள். கட்டிக்கொண்டது தொண்டை இல்லை, போனது காது என்று எங்களுக்குத் தெரியவே நாலைந்து வருஷம் ஆனது. அப்போது அம்மாவுக்கு என் வயது. இப்போது எங்களோடுதான் இருக்கிறார். காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நாம் என்ன கேட்டாலும் "ஆமா கண்ணு" என்கிறார்.

ஆக, சுதி இறங்குவதற்கு ஹெல்மெட் காரணமா, என் காது காரணமா? ஹெல்மெட்டாக இருக்க வேண்டும் என்று நான் முழங்கால் போட்டு ஜெபித்ததைக் கர்த்தர் எந்தக் கணக்கில் சேர்த்தாரோ தெரியாது. வீட்டுக்காரரிடம் காதைப் பற்றிய பாதியைச் சொல்லவில்லை. "இரைச்சல் இல்லாத ஹெல்மெட் வேணுங்க, நடு வெலையில" என்று மட்டும் சொன்னேன். அவர் தோட்டத்தில் காபியும் மிளகும் பயிரிடும் ஆள். இரைச்சல் என்றால் அவருக்கு மருந்தடிக்கும் மோட்டார்தான். ஆனாலும் சனிக்கிழமை துணைக்கு வந்தார்.

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சளி. அதைவிட அவசரம் அதிகம். அடிவாரத்தில், பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் தோளைத் தட்டி, "அம்மிணி, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்" என்றார். மலையிலிருந்து இறங்குகிற எல்லோரும் அங்கே நிற்பார்கள். இறங்க இறங்கக் காது அடைத்துக்கொள்ளும். சூடாக ரெண்டு மிடறு உள்ளே போனதும் டப்பென்று திறந்துகொள்ளும். டீக்காக நிற்கிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம், நிற்பது காதுக்காக. எனக்கோ, கடை திறக்கும்போதே போய் நின்றால்தான் நல்ல ஹெல்மெட் கிடைக்கும் என்று ஒரு கிறுக்கு எண்ணம். நிறுத்தவில்லை. குடிக்காத டீ அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். கடை வாசலில் நான் வண்டியை நிறுத்தியதும், "உன் தல, நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய்விட்டார்.

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். ரொம்ப மெதுவாகப் பேசினார். அடக்கமான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஹெல்மெட்டை மாட்டி வைசரை இறக்கினேன். ஆகா, என்ன அமைதி. வெளியே லாரி போகிறது, எங்கேயோ அடுத்த தெருவில் போகிற மாதிரி இருக்கிறது. இரண்டாவதை மாட்டினேன், அதுவும் அமைதி. மூன்றாவது இன்னும் அமைதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் இந்த உலகத்தில் இப்படிப்பட்ட ஹெல்மெட்டுகள் இருப்பது தெரியாமல் மாவு மில்லுக்குள் வாழ்ந்திருக்கிறேனே என்று என் மேலேயே எனக்குப் பரிதாபம் வந்தது.

"ஏனுங்கக்கா, எல்லாமே நல்லாருக்குன்னா நான் எதைப் பேக் பண்றதுங்க?" என்றார் கடைக்காரர்.

"எதுல நல்ல கலர் இருக்குது?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் தொழில் தெரிந்தவர். கன்னத்துப் பஞ்சு இரண்டு பக்கமும் அமுக்க வேண்டும், நெற்றியில் மட்டும் வலிக்கக் கூடாது, தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். எல்லாம் என் காதுக்குப் பாதிப் பாதியாகத்தான் வந்தது. கடைசியில் மயில் கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மாட்டிய தலையோடு ரோட்டைக் கடந்து போய் வீட்டுக்காரர் முன்னால் நின்றேன்.

"எப்பிடி இருக்குது?"

"மயிலு மாதிரிதான் இருக்குது. கேக்குதா?"

"ஒண்ணுமே கேக்கல," என்றேன் பெருமையாக.

பெங்களூர் ரோட்டில் ஒரு ரவுண்டு அடித்துப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். ஐம்பது, அறுபது. ஏதோ ஓர் ஓரத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சந்தோஷத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. வாயை நன்றாகத் திறந்து விட்டேன். இரண்டு காதும் டப் டப்பென்று திறந்துகொள்ள, மொத்த மாவு மில்லும் உள்ளே வந்து உட்கார்ந்தது.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதுவோ கழன்று விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வந்த வழியில் ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் நடந்துகூடத் தேடினேன்.

"என்னம்மிணி தேடுற?"

"தெரியலீங்க. ஏதோ ஒண்ணு உளுந்துருச்சு. கடையில இருந்த சத்தம் இப்ப இல்லீங்க. அதாவது, கடையில இல்லாத சத்தம் இப்ப இருக்குது."

அவர் வண்டியைக் கடைக்கே திருப்பச் சொன்னார்.

கடைக்காரர் ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்தார், வைசரைத் தூக்கி இறக்கினார், பஞ்சை அமுக்கினார். எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது. அடக்கமான பையனின் குரல் இப்போது கடை முழுக்கக் கேட்டது.

"ஏனுங்கக்கா, நீங்க எந்த ஊருங்க?"

"மஞ்சக்குட்டைங்க."

"அடிவாரத்துல டீ குடிச்சீங்களா?"

என் வீட்டுக்காரர் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர்தான். கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். மலையிலிருந்து வருகிறவர்கள் இப்படி அடைத்த காதோடு வந்து எதை மாட்டினாலும் அருமை என்பது அவருக்குப் பழகிப்போனதாம். நான் ஊரைச் சொல்லவில்லை, அவரும் கேட்கத் தவறிவிட்டார். "தப்பு எம்மேலயும் இருக்குதுங்க, மாத்திக்கலாங்க" என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. காது அடைத்திருந்தது எனக்கே தெரியவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான், போனது தெரியாமலே போயிருக்குமோ? அப்படியானால் எந்த ஹெல்மெட்டை மாற்றி என்ன ஆகப் போகிறது? சிரிப்பை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அதனால் நிறுத்தவில்லை.

மாற்றித் தருகிறேன் என்ற கடைக்காரர், இரண்டாவது ஏமாற்றம் வேண்டாம் என்று உள்ளே இருந்து பெடஸ்டல் ஃபேனை இழுத்து வந்தார். மூன்றாம் நம்பரில் வைத்து, "வண்டியில உக்கார்ற மாதிரி குனிங்கக்கா" என்றார். காற்று முன்பக்கத்தைவிடக் கீழே கழுத்துப் பக்கம்தான் அதிகம் நுழைகிறது என்று அப்போதுதான் புரிந்தது. மயில் கழுத்துக்காரனுக்குத் தாடைக்குக் கீழே திறந்த வாசல். காற்று தாராளமாகப் புகுந்தது. நிறம் மட்டும்தான் மயில்.

நாலாவதாக ஒரு சாம்பல் நிற ஹெல்மெட் வந்தது. பார்க்க ஒரு அழகும் இல்லை. விலை நடுவாந்தரம். தாடைக்கு அடியில் ஒரு துணித் தடுப்பு, கழுத்தைச் சுற்றிப் பஞ்சு, வைசர் மூடும்போது ரப்பரில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஃபேன் முன்னால் குனிந்தேன். காற்று வெளியே ஓடியது, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. எனக்கு வேண்டியது அமைதி மட்டுமில்லை. அந்த அமைதியில் என் குரல் எனக்குக் கேட்க வேண்டும். அதனால் பாடினேன்.

முதல் வரியை மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் கடை மறந்துவிட்டது. நாலாவது வரியின் கடைசிச் சுரத்தை இழுத்துப் பிடித்து, மூச்சு தீர்ந்து நிமிர்ந்து பார்த்தபோது, பைக் சங்கிலிக்கு அடிக்கிற ஸ்ப்ரே வாங்க வந்த இரண்டு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, ஹெல்மெட் வாங்குறவங்க எல்லாரும் இப்பிடிப் பாடோணுங்களா?" என்று இன்னொருவர் கடைக்காரரைக் கேட்டார்.

சாம்பல் நிறத்தையே எடுத்துக்கொண்டேன். திரும்பும்போது அடிவாரத்தில் என் வீட்டுக்காரர் சொல்லாமலே வண்டியை நிறுத்தினேன். இரண்டு டீ குடித்தேன்.

அடுத்த வாரம் முழுக்க என்னையே நான் வேவு பார்த்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் காதில் மில் பாதி நேரம்தான் ஓடியது. புதன்கிழமை ஓடியதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமை ஹெல்மெட்டைக் கழற்றியதும் கொல்லையில் காபிச் செடிக்குள் ஏதோ குருவி கத்துவது கேட்டது. அது தினமும் கத்துகிற குருவிதான் என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் உப்புப் போட மறந்ததற்கு அந்தக் குருவிதான் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை சர்ச்சில் என் முறை வந்ததும் மாஸ்டர் தலையை அசைத்தார். பாடினேன். கடைசிச் சுரம் வந்தது, கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு முடியப் போகிற நேரத்தில் மாஸ்டர் ஒரே ஒரு விரலால் கீபோர்டில் அந்தச் சுரத்தின் கட்டையை அழுத்தினார்.

இரண்டும் ஒன்றாக இருந்தது. எது கீபோர்டு, எது நான் என்று எனக்கே தெரியாத அளவுக்கு ஒன்றாக இருந்தது.

"டீச்சர்," என்றார் அவர் என் பக்கம் திரும்பி. "என்னங்க பண்ணுனீங்க?"

"ஹெல்மெட் மாத்துனேனுங்க," என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு எப்படி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று நினைவில்லை. சிரித்துக்கொண்டே வந்தது மட்டும் நினைவிருக்கிறது. அம்மா முன்னறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குனிந்து, "அம்மா, எனக்குக் காது நல்லாத்தான் இருக்குது" என்று கத்தினேன். தோட்டத்திலிருந்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். அம்மா வழக்கம்போல "ஆமா கண்ணு" என்று சொல்லாமல் என் முகத்தையே பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்பது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் எதைப் பற்றிச் சொன்னேன் என்பது தெரிந்துவிட்டது. இந்த மூன்று வாரமும் நான் எதற்குப் பயந்தேன் என்று இந்த வீட்டில் தெரிந்திருந்தது அவர் ஒருவருக்குத்தான் போலிருக்கிறது.

பட்டாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கினார். கொண்டையை ஒதுக்கி மெதுவாகத் தலையில் மாட்டிக்கொண்டார். வைசரை இறக்கிவிட்டு, சாம்பல் நிறத் தலையோடு நேராக உட்கார்ந்து சிறிது நேரம் கவனித்துக் கேட்டார். பிறகு வைசரைத் தூக்கினார். உள்ளே கண் இரண்டும் சிரித்தன.

"நொம்ப அமைதியா இருக்குது கண்ணு," என்றார். "நல்லதாத்தான் பாத்து வாங்கியிருக்க."

முதலில் சிரித்தது அம்மாதான்.