இதில் கேட்க என்ன இருக்கிறது

ஓய்வுபெற்றவர் கொடுக்கும் மனுவுக்கு முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். தர முடியாவிட்டால், முடியாத காரணத்தையாவது தரவேண்டும். இந்த விதியைத் தமிழில் எழுதி எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியவன் நான். பதிலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று ஒருமுறை குழப்பம் வந்தபோது, பணிப்பதிவேட்டில் உள்ள சொந்த ஊர் முகவரிக்கே அனுப்பலாம் என்று குறிப்பு எழுதியவனும் நானே. மேலதிகாரி அதை மெச்சினார்.

ராயபுரத்தில் ரிவிட் அடிக்கும் கொட்டகையை ஒட்டிய அறையில் இருபத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக உட்கார்ந்ததில் என் காது போயிற்று. வேலையால் செவி கெட்டவருக்கு மார்பில் மாட்டிக்கொள்ளும் காதுக் கருவி வாங்கித் தர விதியில் இடமுண்டு. இந்தக் கிறிஸ்துமஸ் விருந்திலாவது நாலு பேர் பேசுவதைக் கேட்கலாமே என்று செப்டம்பரிலேயே மனுக் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் வந்தது. பதில் வரவில்லை.

மகன் குடும்பத்தோடு நான் இருக்கும் மெட்ராஸ் காலடிப்பேட்டையில் காலையில் பால்காரர் வாயைத் திறந்தால் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. நம்மூர்க்காரர் யாராவது வந்து பேசினால் முக்கால்வாசி விளங்கிவிடுகிறது. உதட்டைப் பார்த்துக் கேட்கப் பழகிய என் கண், திருநெல்வேலித் தமிழ் மட்டுமே படித்த கண். நாம் ‘இருக்கு’ என்னும் இடத்தில் இவர்கள் ‘கீது’ என்கிறார்கள். ‘வீடு’ என்றால் உதடு விரிய வேண்டும்; இவர்கள் ‘வூடு’ என்று குவிக்கிறார்கள். வாலிபத்தில் வேலைக்கு வந்து இறங்கியபோது இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவன் நான். இப்போது அது என்னைப் பழிவாங்குகிறது. என் மருமகள் மேரி ராயபுரத்தில் பிறந்தவள். அவள் மட்டும் எனக்காக நம் பேச்சைக் கற்றுக்கொண்டு, எதிரே வந்து நின்று, ‘மாமா, சாப்பிடுதியளா?’ என்பாள்.

விருந்து அவள் அப்பா வீட்டில். சம்பந்தி சூசை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நல்ல மனிதர். இருபது பேர் பந்தியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசினார்கள். இத்தகைய இடங்களில் எனக்கு ஒரு நடைமுறை உண்டு. பிறர் சிரித்தால் சிரிப்பேன். என்னைப் பார்த்தால் தலையாட்டுவேன். மேரியைப் பெண் கேட்டுப் போன அன்றும் இப்படித்தான் ஆட்டினேன். அது நல்லபடியாகவே முடிந்தது. சூசை கறிக்குழம்புக் கரண்டியோடு என் இலைக்கு முன் வந்து குனிந்து ஏதோ கேட்டார். எனக்குப் பிடிபட்டது ‘பூட்’ என்று உதடு குவிந்த ஒரு அசைவுதான். குழம்பு போடட்டுமா என்கிறார் என்று படித்துக்கொண்டேன்.

“தாராளமா! இதுல கேக்க என்ன இருக்கு?” என்றேன் உரக்க.

பந்தி அசையாமல் நின்றது. பிறகு சூசை என் தோளைத் தட்டிக் கொடுத்தார். குழம்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மகன் சாமுவேல், பேத்தியின் சிலேட்டில் அவர் கேட்டதை அப்படியே எழுதிக் காட்டினான்: “எங்க பேச்சு ஒண்ணும் புரியாம இங்க குந்திகினு இன்னாத்துக்கு பேஜாரு படணும் சம்பந்தி? பேசாம ஊருக்கே பூட்றீங்களா?” நாம் ‘போயிருதியளா’ என்போமே, அதுதான் இந்தப் ‘பூட்றீங்களா’. அதற்கடியில் அவன் எழுதியது: “ஏம்ப்பா சம்மதிச்சீங்க?” நான் பதில் சொல்லுமுன் அதை அழித்துவிட்டு, “உங்க இஷ்டம்” என்று எழுதினான். அவன் முகத்தில் இருந்தது வருத்தமா, நிம்மதியா என்று பார்த்தேன். உதட்டைப் படிக்கத் தெரிந்த எனக்கு அது தெரியவில்லை. எங்கள் வீடு ஒரே அறை, அதில் நாலு பேர் இருக்கிறோம்.

விளங்காமலே ‘தாராளமா’ என்றேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், காது போனதிலிருந்து ஆறு வருஷமாக ஆட்டிய எல்லாத் தலையாட்டலுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். கருவி வரட்டும், அதை மாட்டிக்கொண்டு, இப்போது நன்றாகக் கேட்கிறது, நான் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினேன். அதற்குள் டிக்கெட் வாங்கியாயிற்று. ஊரில் எனக்கு இருப்பது பூட்டிய வீடு ஒன்று. எவருடைய உதட்டை நான் அறிவேனோ, அவர்களில் பாதிப்பேர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள்.

ஒருநாள் மேரி எதிரே வந்து நின்றாள். “போயிருவியளா மாமா?”

ஒரு எழுத்து விடாமல் விளங்கியது. சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

எழும்பூரில் ரயிலேறுவதற்கு முந்தின நாள் பதில் வந்தது. என் குறிப்பின்படியே அதைச் சொந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊர் முகவரியின் குறுக்கே நம்மூர்த் தபால்காரர் சிவப்பு மையில் கோடு கிழித்து, ‘இவ்வூரில் இல்லை, மெட்ராஸ் காலடிப்பேட்டை’ என்று எழுதியிருந்தார். உள்ளே, செவிப் பரிசோதனைக்கு ஜனவரி பதினெட்டாம் தேதி நேரில் வரவும், தவறினால் மனு முடிந்ததாகக் கருதப்படும் என்று இருந்தது. உறையை டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தேன். பெட்டியின் மூடியில் அதே ஊர் முகவரியைச் சாமுவேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தான், இன்னும் காயவில்லை. பதில் கைக்கு வந்த தேதி: 1954, பிப்ரவரி 3.