ஐந்தாம் வேற்றுமை

சம்மனைக் கையால் வாங்கினால்தான் கேஸ். வாங்காவிட்டால் கேஸே கிடையாது. பந்தல்குடிக்கு மேற்கே எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவான கிணற்றுக் காட்டு நிலம் தனக்கே சொந்தம் என்று பெரியப்பா கேஸ் போட்டபோது, கோர்ட் அமீனா சம்மனோடு வரும்போதெல்லாம் அப்பா காய்ந்த பருத்திமார் அடுக்கிய படப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். “அவுக ஊர்ல இல்ல” என்று தெருவே ஒரே குரலில் சொல்லும்.

கடைசியில் அமீனா சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். பசை காய்வதற்குள் அம்மா தண்ணீர் தெளித்து உரித்து அடுப்பில் வைத்தாள். “இனி ஒங்க அண்ணன் கேச எங்கிட்டுப் போயித் தேடுவாரு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போதோ எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவேன். என்ன ஏதென்று பார்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

அப்பா கோடை உழவுக்குப் போனால் காட்டில் பெரியப்பாவின் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. “தீர்ப்பாயிருச்சு, போ” என்றார்.

எட்டாவது முடித்த லீவு. படித்த பிள்ளை கூட இருக்கட்டும் என்று அப்பா என்னையும் அருப்புக்கோட்டை வக்கீல் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

“எக்ஸ்பார்ட்டி ஆயிருச்சுய்யா. மறுமனு போடுற கெடுவும் தாண்டிருச்சு. கதவுல ஒட்டுனாலே கையில குடுத்த மாதிரிதான்” என்றார் வக்கீல்.

எக்ஸ்பார்ட்டி என்றால் என்ன என்று கேட்டேன்.

“லத்தீன் பாப்பா. பார்ஸ்னா பக்கம். முன்னால எக்ஸ் வந்தா பார்டேன்னு மாறிரும். ஒரு பக்கத்துல இருந்துன்னு அர்த்தம்.”

“ஐந்தாம் வேற்றுமை சார். நீங்கல் பொருள்.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “கெட்டிக்காரி. நிப்பாட்டிராம படிக்க வையிங்க.”

அப்பாவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. “அப்ப, அந்தப் பக்கம் சொன்னத மட்டும் கேட்டாகளாய்யா? இந்தப் பக்கம் நான் இருந்தேனே?”

“எங்கய்யா இருந்தீரு?”

படப்புக்குப் பின்னால் என்று அப்பா எப்படிச் சொல்வார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்துக்காட்டுகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மரத்திலிருந்து, ஊரிலிருந்து, வீட்டிலிருந்து. வக்கீலே மெச்சிவிட்டார். அப்பா என் தலையைத் தடவினார். அவரும் மெச்சித்தான் தடவுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு ஆளேற்றும் வேன் வாசலில் வந்து நின்றது. காடு திரும்பக் கிடைக்கிறவரைக்கும்தான் என்றாள் அம்மா. ஒன்பதாம் வகுப்புக்கு ஆகும் என்று இலக்கணப் புத்தகத்தை உறியில் பத்திரமாக வைத்துவிட்டு ஏறினேன்.