மச்சானுக்காகப் போட்ட ஃபில்டர்

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. வீடு போடியில், போடிமெட்டுக்கு மேலே குத்தகைக்கு எடுத்த சிறிய ஏலத்தோட்டம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஜீப்பில் பதினைந்து பேரில் ஒருவனாக ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போய் அலுத்துப்போனதால்தான் அதை வாங்கினேன்.

ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் மலையில் நிற்க ஆரம்பித்தது. மலையடியில் இருக்கும் முந்தலைத் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதும் இன்ஜின் இரண்டு மூன்று தடவை திக்கும், பிறகு அணைந்துவிடும். கால் மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். சமதரையில் இந்தத் தொல்லையே இல்லை. மெக்கானிக் இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூன்றாவது முறை போனபோது, பெட்ரோலில் ஏதோ கலந்திருக்கும் போல என்றார். வேறு யாராவது வண்டியை வாங்கி ஓட்டுகிறார்களா என்றும் கேட்டார்.

அவர் போகிற போக்கில்தான் கேட்டிருப்பார். எனக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது.

வண்டியை வாங்கி ஓட்டியது ஒரே ஒருவர்தான், என் மனைவியின் அண்ணன். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வாரநாளில் அரிசி ஆலையில் வேலை. தேவாரத்துப் பக்கம் மலையடியில் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சாவி வாங்கிக்கொண்டு போவார், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். "பெட்ரோல் போட்டுட்டேன் மாப்ளே" என்று சொல்லித்தான் சாவியைத் தருவார். ஒரு ஞாயிறுகூட அதைச் சொல்லாமல் விட்டதில்லை. முன்பெல்லாம் அது எனக்கு நல்ல குணமாகத் தெரிந்தது. இப்போது, கேட்காமலேயே எதற்கு இந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று தோன்றியது.

அவருடைய கிணற்றில் ஓடியது மண்ணெண்ணெய் இன்ஜின். திங்கட்கிழமை நான் டிக்கியைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். டாங்கில் பெட்ரோலோடு கொஞ்சம் மண்ணெண்ணெயைச் சேர்த்து ஊற்றினால் மீட்டர் முள்ளுக்கா தெரியப்போகிறது? சமதரையில் சமாளித்துவிடும், ஏற்றத்தில் நிற்கும். கணக்கு அவ்வளவு பொருத்தமாக வந்தது. வண்டிக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் மூக்கை நீட்டினேன். டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பெட்ரோலில் விரலை நனைத்து, காய்ந்த பிறகு பிசுக்கு நிற்கிறதா என்று தேய்த்துப் பார்த்தேன். நிற்பது போலவும் இருந்தது, நிற்காதது போலவும் இருந்தது.

மனைவியிடம் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அண்ணன் என்றால் உயிர்.

தேனியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டர் ஒன்று தொங்கியது. சுண்டுவிரல் நீளம், நடுவில் மடிப்பு மடிப்பாகக் காகிதம். பெட்ரோல் பம்ப்பிலேயே ஒரு சல்லடை இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். மலைரோட்டுத் தூசி என்று சொன்னேன். தூசி டாங்குக்குள் எப்படிப் போகும் என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மண்ணெண்ணெய் ஃபில்டரில் தெரியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மச்சானின் கிணற்றடியில் நான் பார்த்திருந்த மண்ணெண்ணெய் டின் அடியெல்லாம் துரு. அந்தத் துரு வந்து காகிதத்தில் படியும். அதை அவர் கண் முன்னால் காட்டலாம். காட்டும்போது என்ன சொல்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன். மனைவி உள்ளே அடுப்பை அணைத்துவிட்டு ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து பிடித்தாள். டாங்கிலிருந்து பம்ப்புக்கு வருகிற ரப்பர் ஓஸை, பம்ப்புக்கு ஒரு சாண் முன்னால் பிளேடால் அறுத்தேன். பெட்ரோல் முழங்கைவரை வழிந்தது. ஓஸின் வாயில் ஒரு பென்சிலைச் சொருகி அடைத்துவிட்டு, மறுமுனையில் ஃபில்டரைச் செருகி கிளிப்பை முறுக்கினேன். அப்புறம்தான் மேலே ஒரு அம்புக்குறி இருப்பதைப் பார்த்தேன். தலைகீழாகப் போட்டிருந்தேன். திரும்பக் கழற்றித் திருப்பிப் போட்டேன். சைலன்சர் சூடு படாதபடி ஒரு கம்பியால் தள்ளிக் கட்டினேன். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பெட்ரோல் உள்ளே ஏறிச் சுழல்வது தெளிவாகத் தெரிந்தது.

"இது எதுக்கு இப்ப?" என்று மனைவி கேட்டாள்.

அழுக்கு வந்தால் தெரியும் என்றேன். அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மச்சான் வந்தார். கிளம்புவதற்கு முன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது அவர் வழக்கம். பானெட்டைத் திறந்தவர் உடனே மூடவில்லை. குனிந்து பார்த்தபடியே நின்றார்.

"இது புதுசா இருக்கே மாப்ளே. எதுக்குப் போட்டிருக்க?"

பங்க்கில் பெட்ரோல் சரியில்லை என்று சொன்னேன். நான் எப்போதும் போடுகிற பங்க்கும் அவர் போடுகிற பங்க்கும் ஒன்றுதான். எங்கள் இருவருக்கும் அது தெரியும். அவர் "சரி" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை சாவி என் கைக்கு வரவில்லை. தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெட்ரோல் போட்டதாகவும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பஸ்சில் போனார். அதற்கு அடுத்த ஞாயிறும் பஸ்தான். மாட்டிக்கொள்வோம் என்று பயந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இனி வண்டி நிற்காது என்று நம்பினேன்.

மூன்று வாரம் கழித்து, பெட்ரோல் நானே நின்று நிரப்பிய வண்டி, அதே மலையில் நின்றது.

பானெட்டைத் திறந்தேன். ஃபில்டருக்குள் காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. துரு இல்லை, அழுக்கில்லை. பெட்ரோலும் இல்லை. அப்போது கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மேலே போன ஒரு ஜீப்பு நின்றது. டிரைவர் எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆள். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். இறங்கி வந்து பார்த்தார்.

"சாரே, இது சுத்தமாத்தான இருக்கு. எண்ணெயே வரலியே. டாங்குக்குள்ள எந்தோ அடைக்குது."

ஓஸைக் கழற்றி டாங்க் பக்கமாக வாயால் ஊதினார். பின்னால் டாங்குக்குள் கொப்புளிக்கும் சத்தம் கேட்டது. மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்ததும் ஃபில்டர் நிறைந்தது. அடைத்துக்கொண்டிருப்பது இன்ஜின் நின்றால் தானாக விலகிவிடும், ஏற்றத்தில் பெட்ரோல் வேகமாக இழுத்தால் மறுபடி போய் ஒட்டிக்கொள்ளும், டாங்கை இறக்கிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார்.

மறுநாள் காலையில் டாங்கை இறக்கினேன். பெட்ரோலை வடித்துவிட்டுக் கவிழ்த்துக் குலுக்கியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலிதீன் துண்டு வாய் வழியாக எட்டிப் பார்த்தது. ஓரத்தில் ஒரு சணல் முடிச்சு. இதை வேண்டுமென்றே உள்ளே போட்டது யார் என்றுதான் முதலில் யோசித்தேன். மெக்கானிக்கின் முகம் வந்தது. வேலை வந்துகொண்டே இருக்க அவரே செய்திருப்பாரோ என்று மனைவியிடம் சொல்லியும் விட்டேன். மச்சானைச் சந்தேகப்பட்டதையும் அந்த வேகத்திலேயே சொல்லிவிட்டேன்.

அவள் அந்தத் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏலக்கா மூடைக்குள்ள வைக்கிற பாலிதீன் காகிதம். போன மழைக்கு டாங்க் மூடி தொலைஞ்சப்ப நீங்கதான் இத வாயில வச்சுக் கட்டுனீங்க. நான்தான் சணலை எடுத்துக் கொடுத்தேன்."

உண்மைதான். புது மூடி கிடைக்கும்வரை பத்து நாள் அப்படித்தான் ஓட்டினேன். ஒருநாள் அந்தப் பாலிதீன் கிழிந்திருந்தது. மீதியைப் பிய்த்து எறிந்துவிட்டு வேறு கட்டினேன். கிழிந்த பாதி எங்கே போனது என்று அன்று யோசிக்கவில்லை.

"எங்க அண்ணன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை என் மடியில் போட்டாள்.

அந்த ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு தேவாரம் போனேன். முந்தின வாரம் யானை இறங்கியதில் சோளம் ஒரு மூலையில் மிதிபட்டுக் கிடந்தது. மச்சான் சாய்ந்த தட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார். வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், விரலில் தேய்த்துப் பார்த்தது உட்பட. அவர் அரிவாளைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மண்ணெண்ணெ டின்ன டிக்கிலதான் வச்சுக் கொண்டாருவேன். அத உன்கிட்டச் சொல்லியிருக்கணும்" என்றார். இன்னொரு தட்டையை வெட்டிப் போட்டுவிட்டு, "ஃபில்டரப் பாத்தப்பவே தெரிஞ்சு போச்சு மாப்ளே. நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றார்.

தப்புதான் மச்சான் என்றேன். தலையசைத்தார். பிறகு, சோலி கிடக்கு, வெரசா முடிச்சிட்டு உன்கூடவே வந்துர்றேன் என்று சொன்னார். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டைகளை அள்ளிக் கொடுத்தேன். மாலையில் என்னோடுதான் காரில் வந்தார். வழியில் சிலமலையில் நிறுத்தச் சொல்லித் தங்கச்சிக்குக் கத்தரிக்காய் வாங்கினார்.

மேலும் நான்கு வருடம் அந்தக் கார் என்னிடம் இருந்தது. மலையில் நின்றதே இல்லை. மச்சான் சாவி கேட்கவில்லை. நானாகக் கொண்டுபோய் நீட்டிய இரண்டு ஞாயிறும் பஸ்தான் வசதி என்று சொல்லிவிட்டார். விசேஷ வீடுகளுக்கு எங்களோடு வருவார். முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் மழையைப் பற்றியும் யானையைப் பற்றியும் பேசுவார். அவர் பேச்சில் குறை எதுவும் தெரியாது. இறங்கும்போது மட்டும் கதவை மிக மெதுவாகச் சாத்துவார், அடுத்தவர் வண்டியில் வந்த ஆள் சாத்துகிற மாதிரி.