பதினேழாம் அறையின் விளக்கு

முப்பத்தொரு வருடம் அவன் அம்மா வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. விடுதியின் மாடிப்படிக்குக் கீழே ஒரு நாற்காலி, அறைக்கொரு சிறு விளக்கு வைத்த பழைய தொலைபேசிப் பலகை, சுவர் நிறைய அவள் கையெழுத்தில் அட்டைகள். நாட்டுக்கு ஓர் அட்டை.

ஜப்பான்காரர் ‘கொஞ்சம் கஷ்டம்’ என்றால் முடியாது என்று எடுத்துக்கொள். ஜெர்மன்காரரிடம் சுற்றி வளைக்காதே. பிரெஞ்சு அட்டைதான் நீளம். முதலில் ‘போன்ஜூர்’, வணக்கம்; அது இல்லாமல் எதைக் கேட்டாலும் முகம் கொடுக்கமாட்டார்கள். கேட்கும்போது தயவுசெய்து என்பதற்கு ‘சில் வூ ப்ளே’. கிடைத்தால் நன்றிக்கு ‘மெர்சி’. அவர்கள் மெர்சி சொன்னால் பரவாயில்லை என்பதற்கு ‘ஜ வூ சான் ப்ரீ’. முடிக்கும்போது ‘ஓ ரெவ்வார்’. கடைசி வரி சிவப்பு மையில்: ‘அதியு’ சொல்லாதே.

“அவங்களும் நம்மள மாதிரிதான்டா,” என்பாள் மகனிடம். “போறேன்னு சொல்லமாட்டாங்க. ஓ ரெவ்வார், மறுபடி பாப்போம்னுதான் சொல்வாங்க. அதியுன்னா அவ்வளவுதான், இனிமே கிடையாது.”

எதிராளி விடைபெறாமல் அவள் ஒருநாளும் தொலைபேசியை வைத்ததில்லை. அவளிடம் பேச்சைப் பாதியில் வெட்டுகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான்.

“எவனோ பிரெஞ்சுக்காரன் குடுக்கிற மரியாதைய பெத்த பிள்ளை குடுக்கமாட்டேங்குறான்.”

“வேலையா இருக்கேம்மா.” டக்.

கடைசி அழைப்பும் அப்படித்தான். அன்று மாலை நாற்காலியிலேயே அவள் தலை சாய்ந்தது. கையிலிருந்த ரிசீவரைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் பலகையைக் கழற்ற ஆள் கேட்டார்கள். மகன் தொலைபேசி மெக்கானிக். வேறு கை படவேண்டாம் என்று அவனே வந்தான்.

காலை பத்து மணிக்கு எல்லாக் கம்பிகளையும் வெட்டினான். மீட்டர் வைத்து மின்சாரம் பார்த்தான். பூஜ்யம்.

பதினேழாம் விளக்கு எரிந்தது.

அது பூட்டிக் கிடக்கும் அறை. அங்கே தொலைபேசியே இல்லை. மறுபடி மீட்டர் வைத்தான். பூஜ்யம். ரிசீவரை எடுத்தான்.

“யாரு?”

மறுமுனையில் யாரோ காத்திருந்தார்கள். கண் தானாக அட்டைக்குப் போனது.

“போன்ஜூர்.”

ரிசீவரில் மூச்சொன்று உள்ளே இழுபட்டது. அவன் நின்றிருக்க, பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

“அம்மா, அன்னிக்குப் பாதியில வச்சிட்டேன்.” கண் அட்டையில் கீழே இறங்கியது. “மெர்சி, மா.”

“ஜ வூ சான் ப்ரீ.” காதோரம், மெதுவாக, அவள் வேலைக் குரலில்.

“ஓ ரெவ்வார்” என்றான். விளக்கு அணைந்தது. ரிசீவரை வைத்தான்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “கழட்டியாச்சா தம்பி? பன்னெண்டு மணிக்கு வண்டி வருது.” அவர் முகம் மாறியது. “கம்பியெல்லாம் அறுந்து கிடக்கே. இது எப்படி எரியுது?”

பதினேழு மறுபடி எரிந்துகொண்டிருந்தது. மறுபடி பார்ப்போம் என்று சொன்னவன் இவன்தானே.

“அணைச்சிடுங்க தம்பி. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு.”

அணைக்கும் சொல் அவனுக்குத் தெரியும். சிவப்பு மையில் எதிரே இருந்தது. வாய்வரை வந்தது.

“வண்டிய நாளைக்கு வரச்சொல்லுங்க,” என்றான்.

அவர் பின்னாலேயே நகர்ந்து போனார். அவன் ரிசீவரை எடுத்து, நாற்காலியில் உட்காராமல் அதன் பக்கத்தில் தரையில் அமர்ந்தான்.

“போன்ஜூர்மா. சொல்லு. எனக்கு ஒரு வேலையும் இல்ல.”

இந்தத் தடவை அவன் முதலில் வைப்பதாக இல்லை.