ழகரத்துக்கு இஸட்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு கிளை நூலகம் இருந்தது. நான் அங்கே உதவி நூலகர். கணவருக்குத் திருச்சியில் வேலை. நாலு வயது மகளும் அங்கேதான், நாத்தனார் பொறுப்பில். திருச்சிக் கிளைக்கு மாற்றல் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் துளை போடும் இயந்திரம் வந்து இறங்கியது.

புத்தகப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்களாம். கம்ப்யூட்டர் சென்னையில். அதற்கு வேண்டிய அட்டையில் ஓட்டை போடுவது மட்டும் இங்கே. எங்கள் ஊரில் ஓட்டை போட்ட அட்டை என்றால் சேலையில் பூ விழுவதற்காகத் தறிக்கு மேலே தொங்குவதுதான். செவிலிமேடு பஸ்ஸில் என் கையிலிருந்த அட்டைக்கட்டைப் பார்த்து ஒருவர், "இன்னா பார்டருக்குமா இது?" என்று கேட்டார். "மயில்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இருந்த எரிச்சலில் வேறென்ன சொல்வது?

இயந்திரத்தோடு சென்னை கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவரும் வந்தார். தூசி பட்டால் அட்டை சிக்கிக்கொள்ளும் என்று சன்னல்களை ஆணி அடித்து மூடினார். அட்டை பறக்குமாம், மின்விசிறியும் கூடாது. நான் தலைப்பைப் படிக்க வேண்டும், அவர் தட்ட வேண்டும். வெந்து செத்தோம். தலைமை நூலகர் மட்டும் வாசலில் நின்றபடி, "மொதல் பட்டியல் தப்பில்லாம வரட்டும்மா, அன்னிக்கே உங்க மாற்றல்ல கையெழுத்து போடறேன்" என்றார்.

பட்டியல் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எல். ஏரி குளம் பற்றிய புத்தகம் குலப்பெருமை பேசும் புத்தகத்தின் மடியில் கிடந்தது. தழை உரம் தலைவலி வைத்தியத்தோடு சேர்ந்துவிட்டது.

"குளமும் குலமும் ஒண்ணா சார்?" என்றேன்.

"நீங்க படிச்சதைத்தான் மேடம் நான் தட்டினேன். எனக்கு ரெண்டும் எல்லுதான்."

"ழவுக்கு ரெண்டு எழுத்து சேர்த்துப் போடறது."

"அட்டையில கட்டம் பத்தாது. தலைப்பு பாதியில நின்னுக்கினு இருக்கும்."

அதன்பிறகு தலைப்பைத் தவிர வேறு பேச்சே எங்களுக்குள் இல்லை. அவருக்கும் சென்னைக்கு ஓடவேண்டும், எனக்கும் திருச்சிக்கு ஓடவேண்டும். ஆப்பசைத்த குரங்குகளாய் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். ஒருநாள் அவராகவே கேட்டார்: "தமிழுக்கு வேலையத்த இங்கிலீஷ் எழுத்து எதுனா இருக்குதா மேடம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தரையில் அட்டைகளைப் பரப்பி உட்கார்ந்தோம். ழவுக்கு இஸட், ளவுக்கு க்யூ, றவுக்கு எக்ஸ், ணவுக்கு டபிள்யூ. அகர வரிசை கெடாமலிருக்கக் கம்ப்யூட்டருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் விளக்க, அவர் சென்னைக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். அந்த நாட்களில் அந்த அறையே எனக்குப் பிடித்துப் போயிருந்தது, பொய் சொல்வானேன்.

மறுபடி பட்டியல் வந்தது. விரல் வைத்துப் பார்த்தேன், ஒரு தப்பு இல்லை. மாற்றல் மனுவை எடுத்துக்கொண்டு தலைமை நூலகரிடம் போனேன்.

"பிரமாதம்மா. மத்த கிளைங்களோட தமிழ்ப் புத்தகமெல்லாம் இனிமே இங்கதான் வருது. இந்த எழுத்து உங்க ரெண்டு பேருக்குத்தானே தெரியும், எப்படி வுட முடியும்?"

"நாலு எழுத்துதானே சார். அரை நாள்ல யாருக்கு வேணா சொல்லிக் குடுக்கறேன்."

"புதுசா வர்றவங்க தப்பு பண்ணுவாங்க. இப்பதான் சரியா வந்திருக்குது" என்று மனுவை என் பக்கமே நகர்த்தினார்.

அறைக்குத் திரும்பியதும் இயந்திரக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "தப்பாவே வுட்டிருந்தா நம்மள ஊருக்குத் தொரத்திருப்பாங்க மேடம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னாலேயே அழுதேன்.

அந்த வாரக் கடைசியில் திருச்சிக்குப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். பெற்றவளை நீ, வா, போ என்றுதானே எந்தப் பிள்ளையும் பேசும். இவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அத்தை, வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்க, உக்காருங்க" என்றாள்.